யார் செய்தது?

விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ 1978இல் வந்த தெலுங்குப் படம். தமிழ் பேசி வந்தபோது நம்முடைய படமாகவே ஆகிவிட்டது. எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பலரும் அதைப் பார்த்தது வீடியோவில்தான். திருவிழாக் காலத்தில் டவுனிலிருந்து டீவியும் டெக்கும் வாடகைக்கு வரும். லயத்து இஸ்தோப்பில் வைத்து விடிய விடியப் போடுவார்கள். பேய் தன் கால்களை அடுப்புக்குள் நீட்டி, அதையே விறகாக எரித்துச் சமைக்கும் இடம் வந்ததும் பிள்ளைகள் கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொள்ளும்.

அதே படத்தை அண்மையில் வீட்டில் டீவீடி போட்டுப் பார்த்தேன். கமராவை நிறுத்தி ஆளை மாற்றிய தந்திரமெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. பயம் வரவில்லை. ஆனால் அந்த அடுப்புக் காட்சியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் மலையேறிக் கொழுந்தெடுத்த கால்களோடு வந்து, ஈர விறகை ஊதி ஊதிக் குடும்பத்துக்குப் பொங்கிப் போட்ட பெண்கள் எங்கள் லயங்களில் எத்தனை பேர்! தன்னையே எரித்து உலை வைக்கிறவள் எங்களுக்குப் புதியவள் அல்ல.

இந்த மாதிரிப் பேய், சூனியக் கதைகளில் எதுவும் சும்மா நடப்பதில்லை. ஒவ்வொரு கேட்டுக்கும் பின்னால் ஓர் ஆள் இருப்பார். தோட்டத்திலும் அப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால், கறவை மாடு திடீரென்று விழுந்தால், “யாரோ செஞ்சிட்டாங்க” என்பார்கள். கோடாங்கி வந்து உடுக்கை அடிப்பார். அதிலும் தீராவிட்டால் சிங்களக் கிராமத்துக் கட்டாடியாரைத் தேடிப் போவார்கள். கடைசியில் விரல் எங்கே நீளும்? பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் விதவையை நோக்கி. இல்லாவிட்டால் பிள்ளையில்லாதவளை, எதிர்த்துப் பேசுகிறவளை நோக்கி. அதற்குப் பிறகு பீலியடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். இது படத்தில் வரும் எந்தப் பேயையும் விடப் பயங்கரமானது.

மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட், ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களின் சூனிய நம்பிக்கை பற்றி 1937இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு தானியக் களஞ்சியம் இடிந்து, நிழலுக்கு அதன் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் மேல் விழுகிறது. களஞ்சியத்தின் கால்களைக் கறையான் அரித்தது அந்த மக்களுக்கும் நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: இந்த ஆட்கள் கீழே இருக்கும் நேரம் பார்த்து அது ஏன் விழுந்தது? அதற்குத்தான் சூனியம் என்று பதில் சொல்கிறார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு மீரியபெத்தைதான் நினைவுக்கு வந்தது. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவு, கொஸ்லந்தைப் பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை.

மழையும் ஊறிய மண்ணும் அங்கே கறையான். சரி, அந்த ஆட்கள் ஏன் அதன் கீழே இருந்தார்கள்? இதற்குச் சூனியத்தைத் தேட வேண்டியதில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போகச் சொன்னால் எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக அந்த மலையைத் தேயிலையாக்கியவர்களுக்கு அங்கே ஒரு பேர்ச் காணி இருக்கவில்லை. 1948இல் குடியுரிமையே பறிபோன சனம் இது.

ஆகவே “யார் செய்தது?” என்று கேட்பவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தன் துன்பம் வெறும் தலைவிதி என்று ஒப்புக்கொள்ளாத மனம்தான் அப்படிக் கேட்கும். அது நியாயம் கேட்கும் மனம். அந்தக் கேள்வியைப் பீலியடியில் நின்ற விதவையிடம் கொண்டுபோனதுதான் கொடுமை. கேட்க வேண்டிய இடங்கள் வேறு: எச்சரிக்கை எந்த மேசைக்குப் போனது, வாசித்தவர் யார், வாசித்த பிறகும் வேறு காணி அளந்து கொடுக்காமல் விட்டவர் யார். இதற்குக் கோடாங்கி வேண்டாம். அந்தக் கோப்பைத் திறந்தால் போதும்.