பரிசுக்குப் போன படம்

சுனாமிக்குப் பின் காரைதீவில் வீடு கட்டிக் கொடுத்த ஒரு நிறுவனம், பொதுசனத் தொடர்பு விருதொன்றுக்குப் போட்டியிட்டது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

இவ்வகை விண்ணப்பங்களுக்கு ஓர் அச்சு உண்டு: நோக்கம், ஆய்வு, திட்டம், செயற்பாடு, பெறுபேறு. முதல் நான்கும் ஒரு பின்னேரத்தில் முடிந்தன. பெறுபேற்றுக்குப் பத்திரிகை நறுக்குகளை அடிமட்டத்தால் அளந்து, அவ்வளவு இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதையே பயன் என்று எழுதினேன். (அந்தக் கணக்கு செல்லாது என்று இத்துறையினரே 2010இல் பார்சிலோனாவில் கூடி அறிவித்தது பிந்திய கதை.)

வீட்டுத் திறப்பை வாங்கும் மூதாட்டி ஒருவரின் படமும் இருந்தது. அதைச் சேர்க்கச் சம்மதம் கேட்டுப் போனேன்.

"போடுங்க மகன்" என்றவர், சற்றுப் பொறுத்துக் கேட்டார்: "எண்ட படத்தக் காட்டி ஆருக்கு மகன் பரிசு?"

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தருமத்தைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்துக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்பதே குர்ஆனின் நிலைப்பாடு (2:271). எனவே விளம்பரமே பாவம் என்று வாதிட நான் வரவில்லை. பத்திரிகையில் படம் பார்த்த ஒருவர் இன்னொரு வீட்டுக்குக் கல் வாங்கித் தரலாம். விருதுக் குழுவோ நாங்கள் செய்தி பரப்பிய விதத்துக்குப் புள்ளியிடுகிறது. கடல் கொண்டுபோன அவரது வீடு அங்கே எங்கள் கெட்டித்தனத்துக்குச் சான்று. இதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நான் விளங்கப்படுத்தவில்லை.

படத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். நிறுவனத்தார் திரும்பச் சேர்த்து அனுப்பினார்கள். எழுத்துக்கூலியை நான் வாங்கிக்கொண்டேன்.