அசையாதவருக்கும் காது கேட்கும்

சாக்கோட்டைப் பக்கம் அறுப்புக் காலத்தில் களத்து நெல்லுக்குக் காவலாகத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் உண்டு. கட்டுவிரியன் இரை தேடி ஊர்வதும் இரவில்தான். அது கடித்தால் பல சமயம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. எறும்பாக இருக்கும் என்று புரண்டு படுத்தவருக்கு விடியும் முன் வயிறு வலிக்கும். பிறகு இமை சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும்.

அந்த நஞ்சு குறிவைப்பது மூளையை அல்ல. நரம்பும் தசையும் கூடுகிற இடத்தை. கூடுகிற இடம் என்றாலும் இரண்டும் ஒட்டியிருப்பதில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறு போட்டால் ஒரு கூறு அளவுக்கு இடைவெளி. கையை மடக்க நினைத்ததும் தண்டுவடத்திலிருந்து மின் துடிப்பு நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து, அந்த விளிம்பில் நின்றுவிடுகிறது. அங்கே கால்சியம் நரம்பு முனைக்குள் புகுகிறது. முனையில் காத்திருக்கும் நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. அது பொட்டலம் பொட்டலமாகத்தான் வருகிறது என்று கண்டறிந்த பெர்னார்ட் காட்ஸ் 1970-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அது அக்கரையில் ஒட்டியதும் தசையில் புதிய மின் துடிப்பு எழும், இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், கை மடங்கும்.

நல்லபாம்பின் நஞ்சு தசைப்பக்கத்து வாசலை அடைக்கிறது. கட்டுவிரியன் அதோடு நிற்பதில்லை, நரம்பு முனையையே சிதைத்துவிடும். நஞ்சுமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும். சிதைந்த முனையைச் சீராக்காது. முனை தானாக வளர்ந்தாக வேண்டும். அதற்கு நாள்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அதுவரை உதரவிதானத்துக்கு ஆணை போய்ச் சேராது. வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும்.

இந்த நாள்களைத்தான் குடும்பத்தார் தாங்கிக் கடக்க வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை, கிள்ளினாலும் அசைவு இல்லை, சிலருக்குக் கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காது. போய்விட்டார் என்றே தோன்றும். ஆனால் பிராணவாயு தடையில்லாமல் கிடைத்திருந்தால் அவர் பெரும்பாலும் விழிப்போடுதான் இருக்கிறார். தலைமாட்டில் நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். அங்கே நின்று நம்பிக்கையற்ற பேச்சைப் பேசாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வீட்டுச் சேதி சொல்லுங்கள்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. நல்ல முடிவு. களத்தில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளலாம். கடிவாய் தெரியவில்லையே என்று மட்டும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை சரிந்தால், அப்போதே 108.