பறவை செய்த குற்றம் என்ன?

கடலூர் முதுநகரில் ஒரு நாள் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின், பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஸலாம் சொல்லி நலம் விசாரித்துவிட்டு, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். அவருடைய மகன் வளைகுடா நாடொன்றில் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறார். ஓடுபாதைப் பக்கம் வரும் பறவைகளை விரட்டுவது அவருடைய பொறுப்பு. வெடிச் சத்தத்துக்கும் அஞ்சாமல் மீண்டும் மீண்டும் வருபவற்றைச் சில வேளை சுடவும் வேண்டியிருக்கிறதாம். "'வாயில்லாத சீவனைக் கொல்ற வேலை அத்தா, இந்தச் சம்பளம் நமக்கு ஹலாலா?'ன்னு பையன் போன்ல கேக்கிறான். ராத்திரி தூக்கம் வரலைங்கிறான். நான் என்ன சொல்லட்டும்?"

"மனித உயிரைக் காக்கும் வேலை, ஆகும் என்று சொல்லுங்கள்" என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். பதில் சரியானதுதான். ஆனால் பெரியவர் போன பிறகு, நான் பாதிப் பதிலைத்தான் சொன்னேன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. உங்களுக்கும் எனக்கும் உரியது.

ஆபத்து உண்மைதானா?

ஒரு சிறு பறவை, அவ்வளவு பெரிய ஆகாய விமானத்தை என்ன செய்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். 1960 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மைனா இனத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு பறவைகளின் கூட்டம் ஒன்று விமானத்தின் இயந்திரங்களில் சிக்கியது. விமானம் விழுந்து 62 பேர் மாண்டனர். 1988 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் பஹிர்தார் நகரிலிருந்து புறப்பட்ட விமானம் புறாக் கூட்டத்தில் மோதியதில் 35 பேர் இறந்தனர். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கனடா வாத்துகள் எனப்படும் பெரிய காட்டு வாத்துகள் மோதி, ஒரு விமானத்தின் இரண்டு இயந்திரங்களும் செயலிழந்தன. விமானி அதை ஹட்ஸன் ஆற்றின் மீது இறக்கினார். அல்லாஹ்வின் அருளால் அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

நம் நாட்டில் காட்டு வாத்துகளைவிடப் பருந்துகளே இவ்வகையில் பெரிய தொல்லை. ஆகவே அந்தப் பிள்ளையின் அச்சம் மேலானது என்றாலும் அவருடைய வேலை தவறானதன்று. மனித உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒரு பக்கமும் சில பறவைகள் மறுபக்கமும் இருக்கும்போது எதைக் காக்க வேண்டும் என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

ஆகும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு

ஆனால் "ஆகும்" என்ற சொல் கிடைத்ததும் மனிதன் எல்லையை மறந்துவிடுகிறான். திருக்குர்ஆனில் சூரத்துல் அன்ஆமின் 38ஆம் வசனம், பூமியில் ஊர்வனவும் இறக்கைகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று உணர்த்துகிறது. சமுதாயம் என்றால் அதற்கென்று ஒரு வாழ்வும் ஓர் உரிமையும் உண்டு. காரணமின்றி ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றவனும் அதைப் பற்றி விசாரிக்கப்படுவான் என்ற கருத்தில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் ஹதீது நஸாயீயில் பதிவாகியிருக்கிறது.

பறவைகளின் மீது ஆட்சி கொடுக்கப்பட்ட ஸுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களை எண்ணிப் பாருங்கள். ஹுத்ஹுத் பறவை தன் இடத்தில் காணப்படவில்லை. கடுந்தண்டனை தருவேன், அல்லது அறுத்துவிடுவேன் என்று சொன்ன அந்த நபி, தக்க காரணம் கொண்டுவந்தால் அன்றி என்று ஒரு வழியையும் திறந்து வைத்தார்கள். அவ்வளவு பெரிய அரசர், ஒரு சிறு பறவையின் சொல்லைக் கேட்காமல் அதைத் தண்டிக்கவில்லை.

நம்மைத் தாக்க வருவதைத் தடுப்பது பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. தாக்க வருவது மனிதனானாலும் மிருகமானாலும் எளிய வழியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். சத்தம் போட்டால் போகுமென்றால் அடிக்கக் கூடாது. அடித்தால் போகுமென்றால் கொல்லக் கூடாது. இதோடு, நிர்ப்பந்தத்தில் அனுமதிக்கப்பட்டது அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே என்ற விதியும் சேர்கிறது.

இதை விமான நிலையத்தில் வைத்துப் பாருங்கள். காட்டு வாத்துகள் குட்டையான பசும்புல்லை விரும்பி மேய வருகின்றன. ஆகவே புல்லைச் சற்று உயரமாக வளர விடுகிறார்கள். குட்டைகளின் மேல் வலை கட்டுகிறார்கள். வேட்டுச் சத்தத்தாலும் பழக்கிய நாய்களாலும் விரட்டுகிறார்கள். சில நாடுகளில் முட்டைகளின் மேல் எண்ணெய் பூசிக் குஞ்சு பொரியாமல் செய்கிறார்கள். இத்தனை படிகளுக்கும் பிறகுதான் துப்பாக்கிக்கு முறை வர வேண்டும். கடைசிப் படியை முதற் படியாக்கினால், அங்கே அநீதி தொடங்கிவிடுகிறது.

கடித்தது ஒன்று, எரிந்தது ஊர்

நபிமார்களில் ஒருவரை எறும்பு ஒன்று கடித்தது. அவர் அந்த எறும்புப் புற்றையே எரிக்கச் சொன்னார். ஓர் எறும்பு கடித்ததற்காகத் தன்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்று அல்லாஹுத் தஆலா அவரைக் கண்டித்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள சம்பவம் இது.

நியூயார்க்கில் அதன் பின் என்ன நடந்தது? விபத்துக்குப் பின் கோடைக்காலத்தில், இறகு உதிர்ந்து பறக்க இயலாமல் இருந்த வேளை பார்த்து, நகரத்துப் பூங்காக்களிலும் ஏரிக்கரைகளிலும் இருந்த வாத்துகளைப் பிடித்துக் கொன்றார்கள். 2010 ஜூலையில் ப்ராஸ்பெக்ட் பூங்கா ஒன்றில் மட்டும் சுமார் 400 வாத்துகள் நச்சுவாயு கொடுத்துக் கொல்லப்பட்டன. ஆனால் விபத்துக்குள்ளான விமானத்தின் இயந்திரத்தில் கிடைத்த இறகுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மோதியவை ஊர்வாசிகளான வாத்துகள் அல்ல, வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகள் என்று 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தார்கள்.

ஊர் வாத்துகளாலும் விமானத்துக்கு ஆபத்து நேரக்கூடும் என்று அதிகாரிகள் கூறினார்கள். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஓடுபாதையை ஒட்டி வாழும் பறவையின் நிலை வேறுதான். ஆனால் விபத்தின் அச்சம் ஒரு பக்கம் இருக்க, பூங்காவின் நடைபாதையை எச்சத்தால் அசுத்தம் செய்கின்றன என்ற வெறுப்பும் மறுபக்கம் பலருக்கு இருந்தது. ஆபத்தும் தொந்தரவும் ஒரே தராசில் வைக்கப்பட்டுவிட்டன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும்படிதான் மார்க்கம் நம்மைப் பணிக்கிறது.

ஹவ்ளின் மேல் விழுந்த எச்சம்

தொந்தரவு என்பது என்ன? நம் பக்கத்து உதாரணமே போதும். சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊர்ப் பள்ளிவாசலில் ஹவ்ளை ஒட்டிப் பெரிய புளியமரம் ஒன்று உண்டு. மழைக்காலம் வந்தால் கொக்கும் மடையானும் அதில் கூடு கட்டிவிடும். ஒளூச் செய்கிறவர் தலையிலும் தோளிலும் எச்சம் விழும். "கூட்டையெல்லாம் கலைச்சுவிட்டுக் கிளையை வெட்டிப் போடுவோம்" என்றார்கள் ஜமாஅத்தார் சிலர். அந்தச் சமயம் குஞ்சுகள் கூட்டில் இருந்தன.

என்னைக் கேட்டபோது மஸ்அலாவைச் சொன்னேன். உண்ண ஆகுமான பறவைகளில் புறா, சிட்டு போன்று பறந்துகொண்டே எச்சமிடுபவற்றின் எச்சம் ஹனஃபி மத்ஹபில் அசுத்தமன்று. ஷாஃபிஈ மத்ஹபில் அசுத்தமே என்றாலும், தவிர்க்க இயலாத அளவில் பரவலாக விழுமிடத்தில் மன்னிக்கப்படும். ஆக, இங்கே தொழுகைக்கு ஆபத்தில்லை. நமக்குச் சற்றுத் தொந்தரவு, அவ்வளவுதான். ஒரு பயணத்தில் தோழர்கள் சிறு பறவை ஒன்றின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி ஆணையிட்டார்கள். அபூதாவூதில் உள்ள இந்தச் செய்தியையும் எடுத்துச் சொன்னேன். ஜமாஅத்தார் ஹவ்ளின் மேல் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். குஞ்சுகள் பறந்து போன பிறகு ஹவ்ளின் பக்கம் சாய்ந்த கிளையை மட்டும் கழித்தார்கள். சில தகரங்களின் செலவில் முடிந்தது பிரச்சினை.

வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடவிடாமல் காத்து வந்தவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்களின் அனுபவம். ஒருவருக்குத் தொந்தரவாகப் படுவது இன்னொருவருக்கு நிஃமத்தாக இருக்கிறது! வீராணம் ஏரியைச் சுற்றிலும் வாழும் நம் மக்களும் இதைச் சிந்திக்க வேண்டும். வயலில் மடையானும் கொக்கும் கண்ணி வைத்துப் பிடிக்கப்பட்டு இரகசியமாக விலைக்கு வருகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உண்ண ஆகுமான பறவை என்பதால் சட்டத்தை மீறிப் பிடிக்கலாம் என்று பொருளாகாது.

அழைத்தவர் யார்?

இனி என் மனத்தை உறுத்திய பகுதிக்கு வருகிறேன். விமான நிலையத்துக்குப் பருந்து ஏன் வருகிறது? ஓடுபாதையைக் காண அது வரவில்லை. சுற்றுப்புறத்தில் கொட்டிக் கிடக்கும் இறைச்சிக் கழிவும் மீன் கழிவும் அதை அழைக்கின்றன. இதை உணர்ந்துதான் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி பிராணிகளை அறுப்பதையும் குப்பை, கழிவுகளைக் கொட்டுவதையும் தடுத்தது. பக்ரீத் நெருங்கும் நாட்களில், குர்பானிக் கழிவுகளைத் திறந்த வெளியில் எறிய வேண்டாமென்று விமான நிலைய அதிகாரிகள் வேண்டுகோள் விடுப்பதும் உண்டு. அதைப் படித்துவிட்டு, "நம் வணக்கத்தில் குறுக்கிடுகிறார்களே" என்று கோபப்படுவோர் நம்மில் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி முணுமுணுத்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் குர்பானி முடிந்தது. இறைச்சியை மூன்றாகப் பங்கிட்டு, ஏழைகளின் பங்கை எடைபோட்டு, ஒரு வீடு விடாமல் அனுப்பினேன். குடலையும் கழிவையும் ஓர் ஆளிடம் கொடுத்து, கையில் கூலியும் வைத்தேன். எங்கே கொண்டுபோய்ப் போடுவாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து உப்பனாற்றங்கரை வழியாகப் போனேன். சாக்கு மூட்டைகள் கிழிந்து கிடந்தன. நாய்கள் இழுத்தன. தலைக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டன. மூக்கைப் பொத்திக்கொண்டு போன மாற்றுமதச் சகோதரர் ஒருவர் என் தொப்பியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கடலூரில் விமானம் இறங்குவதில்லை. ஆனால் சென்னையில் பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் அருகே வாழும் நம் சகோதரர் இதையே செய்தால், மேலே வட்டமிடும் பருந்து யாருடைய விருந்தாளி? அதைச் சுடுகிறவன் கையில் உள்ள இரத்தத்தில் அழைத்தவனுக்குப் பங்கில்லையா? அதே விமானத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவரும், வளைகுடாவிலிருந்து பிள்ளைகளைக் காண வருகிறவரும் இருப்பார்களே!

"ஹரமிலும்கூடக் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்தில் பருந்தும் ஒன்றாயிற்றே, பிறகென்ன தயக்கம்?" என்று ஓதிப் படித்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆதாரபூர்வமான ஹதீதுதான் அது. காகம், பருந்து, தேள், எலி, வெறிநாய் ஆகிய ஐந்தும் அதில் வருகின்றன. அவை செய்யும் தீங்குதான் அந்த அனுமதிக்குக் காரணம் என இமாம்கள் பலர் விளக்கினார்கள். தீங்கை நாமே சோறிட்டு வளர்த்துவிட்டு, பிறகு ஹதீதைக் காட்டிக் கொல்வது அந்த அனுமதியைப் பயன்படுத்துவதாகாது. மேலும், குப்பை இருக்கும்வரை ஒரு பருந்தைக் கொன்றால் அந்த இடத்துக்கு வேறொன்று வரும். கொலை மிஞ்சும், ஆபத்து நீங்காது.

பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. அண்ணலார் (ஸல்) அவர்களின் காலத்துப் பாதை தரையில் இருந்தது. இன்று வானத்திலும் பாதை இருக்கிறது. அங்கே இடையூறை எறிபவர்களாக நாம் இருக்கலாமா?

இப்போதெல்லாம் பக்ரீதுக்கு முதல் நாளே ஆழக் குழி தோண்டி வைத்துவிட்டுத்தான் கத்தியைத் தீட்டுகிறேன். இடமில்லாத தெருவாசிகள், ஜமாஅத்தின் மூலம் நகராட்சியிடம் முன்கூட்டியே சொல்லி வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கூலி கொடுத்து அனுப்புகிறவர், எங்கே போடுவாய் என்று கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். அறுவையில் அழகு வேண்டும் என்றுதான் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்த அழகு கத்தியோடு முடிந்துவிடுவதில்லை.

பெரியவரை மறு வாரமும் சந்தித்தேன். "உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: சம்பளம் ஹலால். முதலில் விரட்டட்டும், முடியாதபோது தேவைக்கு மட்டும் சுடட்டும், வதைக்காமல் சுடட்டும். தூக்கம் வராமல் செய்கிற அந்த இரக்கத்தை மட்டும் இழந்துவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, "நீங்களும் பயான்ல நம்ம ஊர்க் குப்பையைப் பத்திச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார்.

சொல்லிவிட்டேன். எழுதியும் விட்டேன். நம் கைகளால் பிறருக்கும், பேச வாயில்லாத படைப்புகளுக்கும் தீங்கு நேராமல் அல்லாஹுத் தஆலா நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.