கூட்டமும் தனியும்

ஒரு கூட்டத்தின் பெயரை அறிந்துவிட்டால் அதிலுள்ள ஒவ்வொருவரையும் அறிந்தவராவோமா? இவ்வினாவுக்கு வானநூல் தரும் விடையை நாம் சற்று ஆராய்வோம்.

சிராங்கூன் சாலை நகைக்கடையில் பொன்னின் மாற்றை உரைகல்லில் உரைத்துக் காணலாம். எட்டாத நட்சத்திரத்தை எக்கல்லில் உரைப்பது? அஃது என்றும் இயலாதென்று பிரெஞ்சு அறிஞர் காம்ட் 1835இல் எழுதினார். 1859இல் கிர்க்காஃபும் புன்சனும் ஒளியையே உரைகல்லாக்கினர். ஒளியை நிறநிறமாய்ப் பிரித்தால், ஒவ்வொரு மூலப்பொருளும் தனக்குரிய கோடுகளை அதில் இட்டிருக்கக் காணலாம்.

தென்வானில் ஒமேகா சென்டாரி என்றொரு கோளக் கொத்து உண்டு. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் அதில் திரண்டிருக்கின்றன. சிங்கப்பூரின் விளக்கொளியில் அது மறைந்தாலும், மே மாதத்து இரவில் ஜொகூர்த் தோட்டப்புறத்து இருளில் மங்கிய ஒற்றை மீனாய்ப் புலப்படும். இத்தகைய கொத்தின் மீன்கள் யாவும் ஒருங்கே பிறந்தவை என்று எண்ணப்பட்டது. ஆதலின் சிலவற்றை அளந்தால் எல்லாவற்றையும் அளந்ததாகும் என்று அறிஞர் நெடுங்காலம் கருதினர். தனித்தனியே அளந்தபின் அக்கருத்துத் தளர்ந்தது. பெரும்பாலான கொத்துகளில் இரும்பு ஏறக்குறைய ஒத்திருக்கிறது. சோடியமும் பிராணவாயுவும் மீனுக்கு மீன் வேறுபடுகின்றன. ஒமேகா சென்டாரியிலோ இரும்பின் அளவே வேறுபடுகிறது.

தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் துணைகொண்டு இக்கொத்தின் செம்பெரு மீன்களை ஆராய்ந்த முடிவு 2014இல் வெளியாயிற்று. நான்கு மீன்களில் மக்னீசியத்தின் கோடுகள் வலுவாயிருந்தும், மக்னீசியமும் ஹைட்ரஜனும் சேர்ந்து உண்டாக்கும் பட்டை மெலிந்தோ மறைந்தோ இருந்தது. வெற்றிலையும் சுண்ணாம்பும் நிறைய இருந்தும் வாய் சிவக்காவிட்டால் பாக்குக் குறைவென்று பாட்டி சொல்லிவிடுவாள். அவ்வாறே, அந்நான்கிலும் ஹைட்ரஜன் குறைவாயிருக்கலாமென்று கருதினர்.

இனி மண்ணுக்கு வருவோம். வேலை கேட்டு வந்த இளைஞனைத் “தோட்டத்தான்” என்ற ஒரே சொல்லால் கடை முதலாளி அளந்துவிடுகிறார். “பட்டணத்தான்” என்ற சொல்லால் தோட்டத்தார் அவரை அளந்துவிடுகின்றனர். இருவரும் ஒன்றுகூடி மூன்றாமவனைச் சாதிப் பெயரால் அளக்கின்றனர். பிரட்டில் பெயர் படிக்கும் எம்போன்ற கிராணிமார் நன்கறிவர்: எண்ணுவது வேறு, அளப்பது வேறு.

கூட்டத்தின் பொதுவியல்பு முற்றும் பொய்யோவெனின், அன்று. இரும்பு ஒத்திருப்பதுபோல், ஓரிடத்தில் வளர்ந்தோர்க்குப் பொதுவான பேச்சும் பழக்கமும் உண்டு. அது விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பாகலாகாது. ஒவ்வொருவரையும் விசாரிக்க நேரமேது என்பார்க்கு நாம் சொல்வது இது: மீன்களைக்கூட ஒன்றொன்றாகவே அளக்க நேர்ந்தது. அந்த உழைப்புக்கே நியாயம் என்று பெயர்.

நட்சத்திரத்தைப் பிழையாக மதிப்பிட்டால் நட்சத்திரத்துக்கு நட்டமில்லை. வேலை கேட்டு வந்தவனைப் பிழையாக மதிப்பிட்டால், அன்றிரவு ஒரு வீட்டில் உலை ஏறாது.