எந்தச் சங்கை நம்புவது?

பழைய அபாயச் சங்கு ஒன்றைக் கண்டால் அதன் குலம் கோத்திரத்தை உருவமே சொல்லிவிடும். குழாயின்மேல் பித்தளைக் குவளையைக் கவிழ்த்தாற்போலிருந்தால் அது ஆலையின் நீராவி ஊதல். சுற்றிலும் சாளரங்கள் வெட்டிய பீப்பாயாக இருந்தால் மின்சாரச் சைரன். உள்ளே சக்கரம் சுழன்று காற்றைத் துண்டு துண்டாக நறுக்குவதே அதன் குரல். மோட்டாரின் இரு பக்கமும் பீப்பாய்கள் இருந்து, ஒன்றில் 10, மற்றதில் 12 சாளரங்கள் என்றால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் அலறிய வகை. ஏறி இறங்கினால் அபாயம். ஒரே சீராக நீண்டால் அபாயம் நீங்கிற்று. பெரிய கொம்பு ஒன்று தானே சுழலும்படி வைத்திருந்தால், அணுகுண்டுக்கு அஞ்சிய அமெரிக்காவின் பிள்ளை.

நம்பத் தகுந்ததா என்பதை மட்டும் உருவம் சொல்லாது. குருசுக்குப்பத்துக் கரையில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த யோசனைதான்.

1819-இல் காஞார் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் தம் கருவி தண்ணீருக்குள்ளும் ஒலித்ததால் அதற்குச் ‘சிரேன்’ என்று பெயரிட்டார். கிரேக்கக் கதையில் பாடியே மாலுமிகளைச் சாகடித்த பெண்களின் பெயர் அது! கடலோடியைக் காக்கும் குரலுக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை? நம்மவர் ‘சங்கு’ என்றார்கள். கோயிலிலும் ஒலிக்கும், சாவு வீட்டிலும் ஒலிக்கும். வேலைக்கு வா என்று ஆலையிலும் ஒலித்தது.

இப்படி எல்லாவற்றுக்கும் ஒலிக்கும் குரல் ஆபத்து நாளில் மதிப்பிழக்காதா? அபாயத்துக்கென்று தனிக்குரல் வேண்டும் என்பார்கள். நியாயந்தான். ஆனால் 1940-இல் பிரிட்டனில் அந்தத் தனிக்குரல் அடிக்கடி அலறி வேலையைக் கெடுத்தது. பிறகு ஆலைக் கூரையில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். சைரன் ஊதியும் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். கூரையாள் ‘விமானம் நெருங்கிவிட்டது’ என்று சைகை காட்டிய பிறகே ஒதுங்கினார்கள். இயந்திரத்தை விட்டு மனிதனை நம்பினார்கள்.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி, அலை எவ்வளவு உயரம் என்பது போன்ற சின்னச் செய்திகளைச் சொல்லிவந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். அதே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரே ஓடிற்று, தப்பிற்று. சாளரமும் இல்லை, சுழலும் சக்கரமும் இல்லை. உருவத்தை வைத்துப் பார்த்தால் அதை யாரும் அபாயச் சங்கு என்று சொல்லமாட்டார்கள்.

வலை உலர்த்துகிறவரிடம் போய், ‘புயல் வருகிறது, ஐயா’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் வானத்தைப் பார்க்குமுன் கேட்பது, ‘யாரு சொன்னது?’