யோகத்தின் முதல் உறுப்பும் அன்றாட வாழ்வும்

யோகப் பயிற்சியிற் கற்றதை அன்றாட வாழ்வில் எங்ஙனம் கடைப்பிடிப்பது என்னும் வினா பரவலாக எழுப்பப்படுகிறது. பயிற்சி முன்னர்த் தனியே நிகழ்வது, வாழ்வு பின்னர் வருவது என்னும் கருத்து இவ்வினாவில் அடங்கியுள்ளது. அக்கருத்துப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

பதஞ்சலியின் யோகசூத்திரம் எட்டு உறுப்புகளுள் இயமத்தை முதலிலும் ஆசனத்தை மூன்றாவதாகவும் வைக்கிறது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தையே முதலிற் கூறுதல் நோக்கத்தக்கது. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியன இயமத்துள் அடங்கும். ஆசனத்தைத் தனியறையிற் பயிலலாம். வாய்மையை அவ்வாறு பயிலுதல் இயலாது. பொய்க்குக் கேட்பவர் வேண்டும். களவுக்குப் பொருளுடையவர் வேண்டும்.

இவை துறவியர்க்கே உரியன எனலாமோ? இம்மூன்றையும் வள்ளுவர் துறவறவியலில் வைத்தது உண்மையே. ஆயின் வெஃகாமையை அவர் இல்லறவியலில் வைத்துள்ளார். பதஞ்சலியோ பிறப்பு, இடம், காலம், சூழல் ஆகியவற்றால் வரையறுக்கப்படாத பெருநோன்பு என இயமத்தைக் கூறுகிறார். எனவே இல்லறத்தார்க்கு விலக்கில்லை.

இக்கட்டுரையாளர் விடியலில் மூச்சைச் சீர்செய்து எழுந்த ஒரு நாளின் முற்பகலிலேயே, ஆய்வு மாணவர் ஒருவரின் பிழையைப் பலர் முன்னிலையில் எள்ளியதுண்டு. சொல்லால் வருத்துதலும் கொல்லாமைக்கு மாறானதே. அன்று ஆசனத்தில் குறையில்லை, இயமமே தவறியது. மூச்சை நிறுத்தப் பழகியவர் சொல்லையும் ஒரு கணம் நிறுத்தலாம். ஆயினும் அக்கணத்தில் மாணவரை எண்ணுதல் மூச்சுப் பயிற்சியால் மட்டும் வாராது.

ஆகவே, அன்றாட வாழ்வு யோகத்தின் பயனைப் பின்னர்ச் செலவிடும் இடமன்று. அதன் முதல் உறுப்பு நிகழும் இடமாகும்.