நிற்கும் மரத்தின் விலை

மரத்தை வெட்டினால் காசு வரும் என்பதை எவரும் நமக்குப் போதிக்க வேண்டியதில்லை. வெட்டாது விட்டால் காசு வருமா என்பதே இன்று உலகில் எழுந்துள்ள வினா. வரும் என்கின்றனர் பொருளியலார். காடுகள் கரியமிலவாயுவை உட்கொண்டு தம் உடலிலும் மண்ணிலும் சேர்த்து வைக்கின்றன. அவ்வளவை டன் கணக்கில் அளந்து, புகை கக்கும் ஆலைக்காரருக்குச் சான்றிதழாக விற்கலாம். அவ்வருவாயை நம்பிச் செல்வர்கள் ஏழை நாடுகளின் காடுகளில் முதல் போடுவர் என்பது அவர்தம் கூற்று. இயற்கையைக் காக்கும் பணிகளுக்கு உலகம் ஆண்டுதோறும் இடும் தொகை ஏறக்குறைய 13,300 கோடி அமெரிக்க டாலர் என்றும், அதில் தனியார் பங்கு நூற்றுக்கு 14 மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஆகவே தனியார் முதலை எங்ஙனம் அழைப்பது என்று மாநாடுதோறும் பேசுகின்றனர். அழைத்து வந்த முதல், எவர்பால் கடமைப்பட்டது? இதனைப் பேசுவோர் மிகச் சிலரே.

ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் தென்கரையில், காஸி என்றொரு குடா உண்டு. (கங்கைக் கரையிலுள்ள காசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை.) மலாய்க்காரர் பாக்காவ் என்று கூறும் கண்டல் மரங்கள் அங்கு அடர்ந்திருந்தன. 1970-ஆம் ஆண்டுகளில் ஆலை விறகுக்கும் வீட்டுக் கம்பங்களுக்குமாக அவை பெருவாரியாக வெட்டப்பட்டன. 2013-இல் காஸி, மக்கோங்கேனி என்னும் இரு சிற்றூர் மக்கள் 117 ஹெக்டர் கண்டற் காட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்றனர். ‘மிக்கோக்கோ பமோஜா’ என்று பெயரிட்டனர். சுவாகிலி மொழியில் கண்டலும் கூட்டுறவும் சேர்ந்த சொல் அது. நிலம் அரசாங்கத்தினது, காவல் ஊராரது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 டன் கரியமிலவாயுவுக்கான சான்றிதழ் விற்கின்றனர். வரும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை ஊராரே கூடி முடிவு செய்கின்றனர். குடிநீரும் பள்ளிக்கூடத்துத் தேவைகளும் அப்பணத்தால் கிடைத்தன. விறகுக்காக வேறிடத்துக் கண்டலில் எவரும் கோடரி வைக்காதிருக்கச் சவுக்கு மரமும் நட்டனர். அடுப்பெரிக்க வழி செய்யாமல் காட்டைக் காக்க இயலாது என்பதை அறிந்தவர் செயல் இது.

இத்தகைய இடத்திற்குப் பெருமுதலாளி வருவாரா? வருவது அரிது. சிறு காட்டை அளப்பதற்கும் தணிக்கை செய்வதற்குமே வருவாயில் ஒரு பகுதி போய்விடும். அவர் தேடுவது இலட்சக்கணக்கான ஹெக்டர். அங்கோ வேறொரு குறை புகுகின்றது. “நாங்கள் வந்திராவிடில் இக்காடு அழிந்திருக்கும்” என்று கூறியே சான்றிதழ் பெற வேண்டும். நிகழாத ஒன்றை அளப்பவர் யார்? என் மாமரத்தை அடுத்த வீட்டுக்காரன் வெட்ட நினைத்தானாம், வெட்டவில்லையாம், அதற்குக் கூலி கேட்கிறானாம்! ஆறு நாடுகளில் 26 திட்டங்களை ஆராய்ந்து 2023-இல் ‘சயன்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளியான கட்டுரை, அவற்றுள் பெரும்பாலானவை காடழிவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்றே கண்டது.

“முதல் போடுபவன் நட்டத்திற்குத் துணிகிறான்; இலாபம் அவனுக்கு உரியதன்றோ?” என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. விடையை நம் பாட்டன்மாரிடம் கேட்போம். இலண்டன் கம்பெனிகளின் முதலால் இந்நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1910-இல் விலை ஏறியபோது பங்குதாரர் பெருலாபம் பெற்றனர். பால் வெட்டியவர் பெற்றது நாட்கூலி. 1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விலை வீழ்ந்தபோதோ, பங்குதாரர் இழந்தது இலாபத்தை; தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்குத் திரும்பினர். துணிந்தவன் ஒருவன், வீழ்ந்தவன் மற்றொருவன்.

சான்றிதழின் விலை வீழ்ந்தால் இதுவே மீண்டும் நிகழும். முதலாளி தம் பணத்தை வேறு நாட்டிற்கு மாற்றிக்கொள்வார். கம்பம் வெட்டும் பிழைப்பை ஒப்பந்தத்தை நம்பி விட்டொழித்த ஊரான் எங்கு மாறிச் செல்வான்? ஆதலின் தனியார் முதல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அரசாங்கக் கஜானா மட்டும் போதாது. ஆனால் விலை வீழ்ச்சியின் நட்டத்தை முதற்கண் தாங்குபவர் முதல் போட்டவராகவே இருக்கும்படி ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். அதைப் படித்தறிந்து மறுக்கும் உரிமையும் ஊராருக்கு வேண்டும். இவ்விரண்டுமின்றி வரும் பணத்தை முதலீடு என்பதினும் குத்தகை என்பதே பொருந்தும்.

சான்றிதழ் வாங்குபவரைப் பற்றியும் ஒரு சொல். தம் புகைபோக்கியைக் குறைக்காமலே பிறர் காட்டைக் காட்டிக் கணக்கு முடிப்பவர், தாம் வயிறார உண்டு அயலானைக் கூலிக்கு விரதம் இருக்கச் செய்பவரை ஒப்பர். காஸி மக்கள் தம் விரதத்தை நேர்மையாகவே காத்து வருகின்றனர். குறை அவர்பால் இல்லை.

காஸிக்குத் தெற்கே வாங்கா என்னும் பகுதியினரும் பின்னர் இம்முறையையே பின்பற்றி 460 ஹெக்டர் கண்டலைக் காக்க முன்வந்தனர். இரண்டையும் கூட்டினால் 1,400 ஏக்கருக்குச் சற்று மேல். நம்மவர் அறிந்த ஒரு நடுத்தர ரப்பர்த் தோட்டத்தின் பரப்பு.